உன் கையெழுத்தில் நான் எழுதியது

இன்று காலை பெண்கள் வார்டுக்குள் நுழைந்ததுமே ஸ்பிரிட்டும் பவுடரும் கலந்த வாசம் வந்தது. ஏழாம் கட்டிலில் பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, அவருடைய மகள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. அந்த இடத்தைத்தான் அவள் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அம்மாவுக்குப் புண் வந்துவிடக் கூடாதே என்ற பயம் அந்தக் கையில் தெரிந்தது.

நான் போய் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே ஏற்கெனவே நசுங்கிப்போன தசை அது, தேய்த்தால் இன்னும் கிழியும் என்று சொன்னேன். விரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை, அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் உடனே எங்களைக் கூப்பிட வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், ஒரு வார்த்தைகூட என்னுடையதில்லை. விரலை எடுத்ததும் தோலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியதுகூட நீ செய்வதுதான். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

சேலத்தில் நாம் நர்சிங் படித்தபோது முதுகுப் பராமரிப்பு வகுப்பு எடுத்த ஆசிரியை இதே ஸ்பிரிட்டையும் பவுடரையும்தான் நம் கையில் கொடுத்தார். சிவந்த இடத்தை வட்டமாகத் தேய்க்கச் சொன்னார். நாற்பது பேரில் நீ ஒருத்திதான் எழுந்து, எதனால் என்று கேட்டாய். காலங்காலமாக எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நீ உட்கார்ந்துவிட்டாய். ஹாஸ்டலுக்கு வந்து, துணி துவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "ஏம்புள்ள ஸ்டெல்லா, எல்லாரும் செய்யறாங்கங்கறது ஒரு காரணமா?"

எனக்கு அந்தக் கேள்வி அப்போது பிடிக்கவில்லை. நான் சேலத்தில் கோயில் தெருவில் வளர்ந்தவள். பங்குச்சாமியார் சொன்னால் சரி, கன்னியர் சொன்னால் சரி, டாக்டர் சொன்னால் சரி என்று பழக்கப்பட்டவள். நீ மோகனூரில் கரும்புக் காட்டுக்காரர் மகள். உன் அப்பா யார் எந்த உரத்தைச் சொன்னாலும் முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காடு முழுக்கப் போடுவாராம். அந்தக் குணம் உனக்கு அப்படியே வந்திருந்தது.

நாமக்கல்லில் இந்தத் தனியார் மருத்துவமனையில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தானே என்று நான் கொடுத்தேன். நீ மட்டும் எதற்கு என்று கேட்டாய். அதற்கும் அதே பதில்தான் வந்தது.

பழனிச்சாமியை நினைத்துக்கொள்கிறேன். ரிக் வண்டியில் வேலை பார்த்த திருச்செங்கோட்டுக்காரர், வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் இடத்தில் வண்டி மேலேயிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நம் வார்டுக்கு வந்தவர். வரும்போதே முதுகின் அடியில் முட்டை அளவுக்குப் புண். நம் ஊரில் முட்டைக்கா பஞ்சம்? அவருடைய மனைவி தினமும் டம்ளரில் வெள்ளைக்கருவைப் பிரித்து எடுத்து வந்து தருவார். அதைப் புண்ணில் ஊற்றி, ஆக்சிஜன் குழாயைப் பிடித்து உலர்த்துவது நம் வார்டின் வழக்கம். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறையை வைப்பது இன்னொரு வழக்கம். இரண்டையும் நிறுத்த வேண்டும் என்றாய் நீ. மோகனூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் படித்ததை எல்லாம் அச்செடுத்து, மேட்ரன் மேசையில் வைத்தாய். படித்துப் பார்க்காமலே அவர் அதை ஓரமாகத் தள்ளினார். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவருக்கு அது அவமானமாக இருந்திருக்கும்.

நீ விடவில்லை. சர்ஜனிடம் போய் ஒரு மாதம் மட்டும் அவகாசம் கேட்டாய். உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் காயாத கட்டு போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினாய். அந்த மனைவிக்கும் திருப்பக் கற்றுக்கொடுத்தாய். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சின்ன காகித ஸ்கேலைப் புண்ணின் பக்கத்தில் வைத்து அளந்து எழுதினாய். மாத முடிவில் புண் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. சர்ஜன் அந்த அளவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, இனி எல்லாருக்கும் இப்படியே செய்யுங்கள் என்றார். அடுத்த நாள் மேட்ரனே போய்க் கையுறைகளை எல்லாம் குப்பையில் போட்டதை நான் பார்த்தேன். அவரும் கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு மணிக்கொருமுறை திருப்புவதற்கென்று அட்டவணை வந்தது. நேரம், எந்தப் பக்கம், தோலின் நிலை, கையெழுத்து. நல்ல அட்டவணைதான், கேட்டு வாங்கியதே நீதான். ஆனால் அட்டவணை வந்த அளவுக்கு ஆள் வரவில்லை. ஐந்து பேர் பார்க்க வேண்டிய வார்டில் மூன்று பேர், சில நாள் இரண்டே பேர். நாங்கள் எல்லோரும் ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுப் போவோம். நீ மட்டும் திருப்பாத நேரத்துக்கு எதிரே வெற்றிடமாக விடுவாய். கீழே காரணத்தையும் எழுதுவாய்: 'பணியில் இருவர் மட்டுமே. திருப்ப இயலவில்லை.'

எனக்குக் கோபம் வரும். உன் அட்டவணையைப் பார்த்தால் நாங்கள் பொய் சொல்வது தெரிந்துவிடும் அல்லவா? ஒருநாள் கேட்டேவிட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "எல்லாத்தையும் நிரப்பிட்டம்னா, இருக்கற ஆளே போதும்னுதான புள்ள அவுங்களுக்குத் தெரியும்? வெறுமையா இருக்கறதுதான் நம்ம கையில இருக்கற ஒரே அத்தாட்சி."

தம்மம்பட்டியிலிருந்து செல்வராசுவின் அம்மா வந்தது அப்போதுதான். மரவள்ளிக் காட்டில் வரப்பு தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இதயம் பலவீனமாக இருந்ததால் அறுவை சிகிச்சையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். எலும்பும் தோலுமான உடம்பு. நாளெல்லாம் மல்லாந்தே கிடந்தார். செல்வராசு காட்டு வேலையை விட்டுவிட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை ராசிபுரம் வழியாக பஸ் மாறி மாறி வந்து பார்த்துவிட்டுப் போவார். உன்னிடம் மட்டும் அந்த அம்மா பேசுவார். நீ தலை வாரிவிடும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த வாரம் இரண்டு பேர் விடுப்பு. ஒருத்தி வேலையை விட்டே போய்விட்டாள். மூன்று நாள் பகலில் நீயும் நானும் மட்டுமே இருந்தோம். மூன்றாம் நாள் நீ அந்த அம்மாவின் முதுகில் விரலை வைத்து அழுத்தினாய். சிவப்பு வெளுக்கவில்லை. நீ என்னைக் கூப்பிட்டு இன்னொருமுறை அழுத்திக் காட்டினாய். இடுப்பு முறிந்த ஆளை ஒருத்தியாகத் திருப்ப முடியாது. நான் அந்தப் பக்கம் மூச்சுத் திணறலோடு வந்த ஒருவரிடம் இருந்தேன். நீ மேட்ரனிடம் போய் ஒரே ஒரு ஆள் கேட்டாய். அவரிடம் இல்லை. மேலே கேட்டுப் பார்த்தார், அங்கேயும் இல்லை. நீ திரும்பி வந்து அட்டவணையில் வெற்றிடங்களை விட்டு, கீழே எழுதினாய். அன்று கொஞ்சம் அழுத்தமாகவே எழுதியிருந்தாய். 'தோல் சிவப்பு வெளுக்கவில்லை. மேட்ரனிடம் ஆள் கேட்கப்பட்டது. கிடைக்கவில்லை.'

அடுத்த நாள் நீ விடுப்பு. உன் அப்பாவை சேலத்துக்குக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தாய். அதற்கு மறுநாள் மருத்துவமனைக்குத் தரச் சான்று கொடுக்கும் குழு வருவதாக இருந்தது.

மதியம் மேட்ரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் உன் அட்டவணைகள் இருந்தன. இவற்றைப் புதிதாக எழுத வேண்டும் என்றார். உன்னிடம் முன்பே கேட்டாராம், நீ முடியாது என்றாயாம். அலுவலகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த என்னுடைய சான்றிதழ் உறையை அவர் எடுத்து மேசையின் இன்னொரு மூலையில் வைத்தார். குவைத்தில் வேலைக்கு நான் விண்ணப்பித்திருந்தது அவருக்குத் தெரியும். அசல் சான்றிதழும் அனுபவக் கடிதமும் இல்லாமல் நேர்காணலுக்குப் போக முடியாது என்பதும் தெரியும். அவர் மிரட்டவில்லை. களைப்பாக இருந்தார். "எனக்கும் வேற வழி இல்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். உன் எழுத்து எனக்கு நன்றாக வரும். ஹாஸ்டலில் மூன்று வருடம் உன் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதிப் படித்தவள் நான். உருண்டையான 'ட', சற்றே சாய்ந்த 'ர', கையெழுத்தின் கடைசியில் கீழே இழுக்கும் கோடு. எட்டு மணி, இடது பக்கம். பத்து மணி, வலது பக்கம். தோல் நன்று. தோல் நன்று. தோல் நன்று. நீ எழுதிய காரணங்கள் எதுவும் புதுத் தாளில் இல்லை. பழைய தாள்களை மேட்ரன் வாங்கிக்கொண்டார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து கை கழுவிக்கொண்டு இரண்டு மணி ஊசிகளைப் போடப் போய்விட்டேன்.

குழு வந்தது, பார்த்தது, பாராட்டியது. எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். உனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். நீ அதைப் பழனிச்சாமியின் மனைவியிடம் கொடுத்துவிட்டாய்.

அந்த அம்மாவின் தோல் உடைந்தது. உள்ளே எலும்பு வரை போயிருந்தது. நீ உன் வார விடுமுறையிலும் வந்து கட்டு மாற்றினாய். ஆனால் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்றாம் வாரம் அவர் இறந்துபோனார்.

காரியம் முடித்துவிட்டு, பத்துப் பேரோடு செல்வராசு வந்தார். அம்மா முதுகில் அவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிர்வாகம் கோப்பைக் கொண்டுவரச் சொன்னது. மேட்ரன் அறையில் நீயும் நானும் சுவரோரம் நின்றோம். இரண்டு மணிக்கொருமுறை திருப்பியிருப்பதாக ஏட்டில் இருக்கிறது, அப்படியானால் திருப்பாமலே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று அதிகாரி ஒருவர் பேசினார். தவறு மருத்துவமனையின் மேல் இல்லை, ஒரு நர்சின் மேல்தான் என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. தாளை உன்னிடம் நீட்டினார்கள்.

நீ வாங்கிப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். "இது என்ற கையெழுத்து இல்லீங்க" என்றாய்.

அப்படியானால் யாருடையது என்று அந்த அதிகாரி கேட்டார்.

நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேனோ என்னவோ. நீ காத்திருப்பதைப் போலப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். மேட்ரன் ஜன்னலைப் பார்த்தார். அந்த அறையில் யார் பேச வேண்டும் என்பது மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேருமே பேசவில்லை.

செல்வராசு உன் முன்னால் வந்து நின்றார். "எங்கம்மாவ மல்லாக்கப் போட்டே அழுக வெச்சிட்டு, திருப்பிப் போட்டேன்னு பொய் எழுதியிருக்கியே. உன்னப் பெத்தவளும் இப்படியே கெடந்து சாவணும்" என்றார். அவருக்குக் குரல் உடைந்து அழுகை வந்தது. நீ அவரைப் பார்த்துக் கை கூப்பினாய்.

அந்த வாரமே உன்னை நிறுத்திவிட்டார்கள். நீ கிளம்பும் நாள், உன் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். மோகனூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உன்ற சர்டிபிகேட்டெல்லாம் குடுத்துட்டாங்களா புள்ள?"

கொடுத்துவிட்டார்கள் என்று தலையாட்டினேன். "சரி, நல்லபடியாப் போய்ட்டு வா" என்றாய். அந்தக் கேள்வியில் கிண்டல் இருந்ததா, குத்தல் இருந்ததா என்று எத்தனையோ வருடம் தேடிப் பார்த்திருக்கிறேன். எதுவும் இல்லை. உனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

நான் குவைத்துக்குப் போகவில்லை. நேர்காணலில் எடுக்கவில்லை. அதே மருத்துவமனையில் இருந்தேன். சில வருடத்தில் வார்டு பொறுப்பு வந்தது. மேட்ரன் ஓய்வு பெற்றுப் போனார். உனக்கு எந்த மருத்துவமனையும் வேலை கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு சின்ன கிளினிக்கில் கட்டு கட்டும் வேலை. பிறகு படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை. மொபெட்டில் காவிரிக்கரை ஊர்களுக்கெல்லாம் போய், மருமகள்களுக்கும் மகன்களுக்கும் திருப்பிப் போடக் கற்றுக்கொடுத்தாயாம். எங்கள் வார்டுக்கு வரும் மோகனூர்ப் பக்கத்து நோயாளிகளின் முதுகு சுத்தமாக இருக்கும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பேன். உன் பெயரைச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு போய்விடுவேன். முக்கால் மணி நேரப் பயணம்தான். ஒருமுறைகூட வரவில்லை.

வந்தது, உனக்குப் புற்றுநோய் முதுகுத்தண்டில் பரவி, கால் இரண்டும் விழுந்த பிறகுதான். உன் அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். உன் அம்மா மட்டும் இருந்தார். செய்தி தெரிந்ததும் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். உன் அம்மா கதவைத் திறந்து, "வா சாமி, இப்பத்தான் ஊடு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். நீ கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினாய்.

ஆறு வாரம் உன்னோடு இருந்தேன். உன் அம்மா தலைப்பக்கமும் நான் இடுப்புப் பக்கமுமாகப் பிடித்து, இரண்டு மணிக்கொருமுறை திருப்பினோம். ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். தலையணை சரியாக இல்லையென்றால் நீ சொல்லுவாய், நான் மாற்றுவேன். வலி குறைந்த வேளையில் நாம் ஹாஸ்டல் கதைகளைப் பேசிச் சிரித்தோம். அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம்.

ஐந்தாம் வாரம் ஒருநாள் மதியம் உன் அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் உன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டேன். அந்த அட்டவணை, என்று ஆரம்பித்தேன். நீ என் கையின் மேல் கை வைத்தாய்.

"எங்கிட்டச் சொல்லி என்ன புள்ள ஆவப் போவுது? எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சொல்லோணும்னா, சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு" என்றாய். அவ்வளவுதான். அப்புறம் இடது பக்கம் திருப்பச் சொன்னாய்.

நீ ஒரு வியாழக்கிழமை காலையில் போனாய். உன் அம்மாவும் நானும்தான் குளிப்பாட்டினோம். ஒருக்களித்துப் பிடித்து முதுகில் தண்ணீர் ஊற்றினேன். எலும்பெல்லாம் எண்ணிவிடலாம் போல இருந்த முதுகு. எங்கேயும் ஒரு சிவப்புக்கூட இல்லை. என் கையால் நடந்த வேலைகளில் இதைவிட நன்றாக நடந்தது எதுவும் இல்லை. அதைச் சொல்ல நீ இல்லை.

நீ சொன்னதைச் செய்ய எனக்கு மேலும் எட்டு மாதம் பிடித்தது. பிறகு நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, என் பெயரைப் போட்டு, நிர்வாகத்திடம் கொடுத்தேன். இப்போது இருப்பவர்கள் புது ஆட்கள். அந்தக் கோப்பே கிடையாது, பழைய கோப்புகளை அழித்துவிட்டோம் என்றார்கள். இப்படி எழுதிக் கொடுத்தால் என் நர்சிங் பதிவே போய்விடலாம், கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. வார்டு பொறுப்பிலிருந்து இறக்கி, சாதாரண ஸ்டாஃப் நர்சாகப் பெண்கள் வார்டில் போட்டார்கள். விசாரணை என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. உன் பெயரில் ஒரு வரியாவது திருத்தி எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எதில் திருத்துவது என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தம்மம்பட்டிக்குப் போனேன். செல்வராசுவுக்குத் தலை நரைத்திருந்தது. களத்தில் மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் முகம் இறுகியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் இல்லாமல் போனதை, நீ ஆள் கேட்டதை, வெற்றிடங்களை, என் கையை. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு அவங்க ஒண்ணுமே திருப்பிப் பேசலையே" என்றார். பிறகு, "எங்க இருக்காங்க இப்போ? நான் வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

நீ இல்லை என்று சொன்னேன். அவர் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எப்படிப் போனாய் என்று கேட்டார். படுக்கையில் கிடந்து, என்று சொல்ல ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் பஸ் ஏறும்போது, உன் அம்மா இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மோகனூருக்கு வந்தார். நான் கூட்டிக்கொண்டு போனேன். உன் அம்மாவிடம் அவர் யாரென்று சொன்னேன். பிறகு, அவருக்கு முன்னாலேயே, நான் யாரென்றும் சொன்னேன். உன் கையெழுத்தை எழுதியவள் நான்தான் என்று சொன்னேன். ஆறு வாரம் உன் அம்மாவோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டபோதெல்லாம் சொல்லாததை அன்று சொன்னேன். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. செல்வராசு உன் அம்மாவின் காலில் விழுந்தார்.

"எந்திரி சாமி, உழுகாத" என்றார் உன் அம்மா. அவர் எழுந்ததும் ஒன்று கேட்டார். "என்ற புள்ள உங்கம்மாளத் திருப்பிப் போட்டாளா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"ஆள் இருந்தப்ப எல்லாம் போட்டிருக்காங்கம்மா. ஆள் இல்லாதப்ப இல்லைன்னு எழுதி வெச்சிருக்காங்க. எங்கம்மாவுக்காக அவங்கதான் போய்க் கேட்டிருக்காங்க" என்றார் செல்வராசு.

உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வரவில்லை. பிறகு தானாகப் பேசினார். "வேலைய உட்டுட்டு வந்தன்னிக்கு, நான் அப்படி எழுதலீம்மான்னு ஒருக்காச் சொன்னா. நான் ஒண்ணும் சொல்லலை. ஊரே பேசுச்சு, எனக்கும் ரோசனையாத்தான் இருந்துச்சு. அதுக்கப்பறம் அவ சொல்லவே இல்ல. நான் அவள நம்பறன்னு கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அதைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது. உன் வேலை போனது தெரியும். பெயர் போனது தெரியும். உன் சொந்த வீட்டில், உன் அம்மாவின் கண்ணுக்கு முன்னால், அந்தச் சந்தேகத்தோடு நீ சாப்பிட்டாய், தூங்கினாய், நோயில் விழுந்தாய். என் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வாரத்திலும் நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் என்று விட்டுவிட்டாய்.

இப்போதும் மாதம் ஒருமுறை மோகனூர் போகிறேன். உன் அம்மா கதவைத் திறப்பார். சாப்பாடு போடுவார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. போக வேண்டாம் என்றும் சொல்வதில்லை. சென்ற முறை அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தபோது, "அதெல்லாம் உள்ளதுதான எழுதற?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்ல?

செல்வராசு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். உன் அம்மா உன்னை நம்புகிறார். இரண்டையும் உன்னிடம் சேர்க்கும் பொறுப்பை அவர்கள் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். எனக்காக உன்னிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்த அத்தனை வருடமும், முக்கால் மணி நேரத் தூரத்தில், அதைக் கேட்க எனக்கு நேரமிருந்தது.